பனிச்சறுக்குத் திருப்பத்துக்கு மார்க் போடும் சென்சார்: எவ்வளவு நம்பலாம்?

ஆல்பைன் பனிச்சறுக்கில் மலையிலிருந்து நேராக இறங்க புவியீர்ப்பே போதும். திரும்பத்தான் பயிற்சி வேண்டும். பலகையைப் பக்கவாட்டில் தேய்த்துத் திருப்பினால் பனி சிதறும், வேகம் போய்விடும். அதையே விளிம்பில் சாய்த்துப் பிடித்தால், பலகையின் வளைவே பனியைச் செதுக்கிக்கொண்டு திரும்பும். இதுதான் கார்விங். 30 மீட்டர் ஆர வளைவுள்ள பலகையை 60 டிகிரி சாய்த்தால், சுமார் 15 மீட்டர் ஆரத்தில் திரும்பும். ஆக, எல்லாம் அந்தச் சாய்வில்தான் இருக்கிறது.

அதை அளக்கத்தான் இப்போது சென்சார். உள்ளே இருப்பது ஆக்சிலரோமீட்டரும் கைரோஸ்கோப்பும். உங்கள் போனில் இருக்கிற அதே சமாச்சாரம்தான். கைரோஸ்கோப் கோணத்தைச் சொல்லாது, கோணம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை மட்டும் சொல்லும். அதைக் கூட்டிக் கூட்டித்தான் கோணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கூட்டும்போது சின்னச் சின்னப் பிழைகளும் சேர்ந்துகொள்ளும். மென்பொருளின் பாதி வேலையே அந்தப் பிழையைத் துடைப்பதுதான்.

லண்டன் நிறுவனத்தின் ‘கார்வ்’ இதில் பிரபலம். முதலில் பூட்ஸுக்குள் அழுத்தத்தை அளக்கும் பட்டையாக வந்தது. இப்போது பூட்ஸ் மேல் மாட்டும் கிளிப். சறுக்கும்போதே இயர்போனில் ஆலோசனை சொல்லும், கடைசியில் ஒரு மதிப்பெண்ணும் தரும்.

பயன் இல்லாமல் இல்லை. 60 டிகிரி சாய்ந்துவிட்டதாக நினைப்பவருக்கு, ‘நீ சாய்ந்தது அதில் பாதிதான்’ என்று முகத்துக்கு நேரே சொல்லும். இடது திருப்பம் நன்றாக வருகிறது, வலது சொதப்புகிறது என்பதையும் காட்டிவிடும். பயிற்சியாளரை மணிக்கணக்கில் அமர்த்த முடியாதவருக்கு இது பெரிய விஷயம்.

சிக்கல் மதிப்பெண்ணில்தான். மதிப்பெண் என்றால், ‘நல்ல திருப்பம் இப்படித்தான் இருக்கும்’ என்று யாரோ முன்பே முடிவு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த முடிவு மாறாதா?

2012-ல் மாறியது. பாதுகாப்புக்காக, ஆண்கள் ஜெயன்ட் ஸ்லாலம் பலகைகளின் குறைந்தபட்ச ஆரத்தை 27 மீட்டரிலிருந்து 35 ஆக உயர்த்தியது சர்வதேச கூட்டமைப்பு. திருப்புவது கடினமானது. விதியைக் கடுமையாக எதிர்த்தவர் அமெரிக்காவின் டெட் லிகெட்டி. பலரும் திருப்பத்தின் தொடக்கத்தில் பலகையைத் தேய்த்துச் சமாளிக்க, இவர் கம்பத்துக்கு வெகு மேலேயே திருப்பத்தைத் தொடங்கி, இடுப்பு பனியைத் தொடும் அளவுக்குச் சாய்ந்து, நீண்ட வளைவாகச் செதுக்கினார். அந்த அக்டோபரில் ஸோல்டன் பந்தயத்தில் 2.75 விநாடி வித்தியாசத்தில் வெற்றி! விநாடியின் நூறில் ஒரு பங்கு பேசும் விளையாட்டு இது. முந்தைய ஆண்டின் சாம்பியன்களை வைத்துப் பழக்கிய ஒரு செயலி இருந்திருந்தால், அவரைப் பார்த்து ‘ரொம்ப சீக்கிரம் திரும்புறீங்க’ என்று இயர்போனில் திருத்தியிருக்கும்.

இன்னொன்று. பூட்ஸில் இருக்கும் கருவிக்கு பூட்ஸின் அசைவுதான் தெரியும். கீழே இருப்பது இறுகிய பனிக்கட்டியா, வெயிலில் இளகிய பனியா என்பதை அது நேரடியாகப் பார்ப்பதில்லை. போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தவறும். இரண்டு வீரர்களின் பாதை வித்தியாசமோ அதைவிடக் குறைவு. ஆய்வாளர்கள் இதற்காகவே சென்டிமீட்டர் துல்லியமுள்ள தனி ஜிபிஎஸ் கருவியை வீரர்களின் உடலில் கட்டுகிறார்கள்.

இதே சென்சார்கள்தான் பந்தய வீரர்களின் ஏர்பேக்கிலும் இருக்கின்றன. 2015-ல் வால் கார்டேனாவில் ஆஸ்திரிய வீரர் மத்தியாஸ் மேயர் விழுந்தபோது அது விரிந்தது. உலகக் கோப்பைப் பந்தயத்தில் அதுவே முதல் முறை. அங்கே சென்சாரிடம் கேட்கப்படுவது ஒரே கேள்வி: விழுகிறாரா, இல்லையா? அழகாகத் திரும்பினாரா என்று யாரும் கேட்பதில்லை.

எனவே இதை வாங்குபவர் கோணத்தையும் இடது-வலது வித்தியாசத்தையும் பார்க்கட்டும், அதுவும் ஒரே சரிவில் இன்றும் நாளையும் ஒப்பிட்டு. மொத்த மதிப்பெண்ணுக்குச் சந்தா வசூலிக்கும் நிறுவனங்கள், எந்த மாதிரி வீரர்களை, எந்தப் பனியில், எந்தப் பலகையோடு வைத்து அந்த அளவுகோலைச் செய்தோம் என்பதை செயலியிலேயே எழுதிவைக்க வேண்டும்.