குதிரைக்குச் சுழி பார்க்கலாமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. விலங்கியல் மாணவர்)

கடல் வழியே வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்ததையும், பேணும் முறை அறியாமையால் அவற்றுள் பெரும்பாலானவை மடிந்ததையும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்தார். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட அமைச்சர்தாம் மாணிக்கவாசகர் ஆனார். மன்னன் மகிழ்ந்து ஏற்றுக்கொண்ட குதிரைகள் இரவோடு இரவாக நரிகள் ஆயின என்பது திருவிளையாடற் கதை. குதிரை வாங்குவது தமிழனுக்கு என்றுமே எளிய காரியமாக இருந்ததில்லை போலும்!

இன்றும் அது எளிதன்று. இதனை நான் நூலகத்தில் படித்து எழுதவில்லை. என் தந்தையார் ஆண்டுக்கு ஒரு குதிரையை வாங்கி, ஐந்தாறு மாதம் பழக்கி, விற்பவர். திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் இடைப்பட்ட எங்கள் சிற்றூரில் எங்களுக்கு உள்ளது ஒன்றரை ஏக்கர் மேட்டாங்காடு. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் குதிரை. என் விடுதிக் கட்டணம் பெரும்பாலும் குதிரையின் முதுகில் ஏறித்தான் கல்லூரிக்கு வந்து சேர்கிறது.

எங்கள் பக்கத்தில் குதிரை என்றதும் நினைவுக்கு வருவது அந்தியூர். ஈரோடு மாவட்டம் அந்தியூரை அடுத்த புதுப்பாளையம் குருநாதசாமி கோயிலில் ஆடி மாதம் நடைபெறும் திருவிழாவையொட்டி மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் கூடும். குமாரபாளையத்தில் காவிரியைத் தாண்டி, பவானி வழியாகச் சேலம், நாமக்கல் மாவட்டத்தார் திரள் திரளாகச் செல்வார்கள். காது நுனிகள் உள்நோக்கி வளைந்த மார்வாரியும் கத்தியவாரியும், வெள்ளை வெளேரென்ற நொக்ராவும், நாட்டு மட்டக் குதிரைகளும் அங்கே நிற்கும். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். ஆனால் விலை பேசுமுன் நடக்கும் ஒரு காரியம்தான் இக்கட்டுரையின் பொருள். அதுதான் சுழி பார்த்தல்.

சுழி செய்யும் வேலை

மாட்டுக்கும் குதிரைக்கும் உடம்பில் மயிர் சுழன்று நிற்கும் இடங்கள் உண்டு. அவை இருக்கும் இடத்தைக் கொண்டு நன்மை தீமை சொல்வது நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். மாட்டில் கோபுரச் சுழி வீட்டை உயர்த்துமாம். பாடைச் சுழி பாடையைக் கொண்டு வருமாம். பெண்டிழந்தான் சுழிக்குப் பெயரே போதும்! குதிரையில் கழுத்தோடு நீளும் சுழியை வடநாட்டார் தேவமணி என்று போற்றுவர். கண்ணுக்குக் கீழே சுழி இருந்தாலோ தொடமாட்டார்கள். ‘சுழி சுத்தம்’ என்ற இரண்டு சொற்களுக்குச் சந்தையில் பல்லாயிரம் ரூபாய் மதிப்பு.

இரண்டாண்டுகளுக்கு முன் என் தந்தையார் செம்பழுப்பு நிறப் பெட்டைக் குதிரை ஒன்றை 38,000 ரூபாய்க்கு வாங்கினார். இடக் கண்ணுக்குக் கீழே சுழி இருந்ததால்தான் அந்த விலை. கால் நான்கும் தூண். பல் ஐந்து வயது காட்டியது. மேளச் சத்தம் கேட்டால் மட்டும் மிரளும். ஐந்து மாதத்தில் பறையும் பேண்டு வாத்தியமும் பக்கத்தில் முழங்க, அது கொள்ளு மென்றுகொண்டு நின்றது. சிறு பிள்ளை கடிவாளத்தைப் பிடித்து நடத்திச் செல்லலாம். வாங்க வந்தவர்கள் மூவர் ஏறிப் பார்த்தார்கள், மகிழ்ந்தார்கள். பிறகு முகத்தைத் தடவிப் பார்த்தார்கள். “குதிரை தங்கமாட்டத்தானுங்க இருக்குது. கண்ணுக்குக் கீழ சுழி இருக்குதுங்களே...” என்று இழுத்துவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியில் 60,000 ரூபாய்க்குப் போயிற்று. ஐந்து மாதத் தீவனமும் லாடமும் மருந்தும் கழித்தால் தந்தையாரின் உழைப்புக்குக் கிடைத்தது மிகச் சொற்பம்.

அதே பருவத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒருவர், கழுத்தில் தேவமணி உள்ள குதிரை என்று ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கினார். அதன் முன்னங்காலில், முழங்காலுக்கும் கணுவுக்கும் இடையே பின்புறம் ஓடும் தசைநாண் புடைத்திருந்தது. சுழியைத் தடவிய கை அங்கே போகவில்லை. மூன்றாம் மாதம் குதிரை நொண்டியது. தேவமணி கழுத்திலேயே இருந்தது!

பார்க்க வேண்டியவை யாவை?

பழக்கி விற்பவனுக்குக் குறையற்ற குதிரை கிடைக்காது. கிடைத்தால் அதன் விலை அவனுக்கு எட்டாது. குறையுள்ள குதிரையைத்தான் அவன் வாங்க வேண்டும். ஆகவே அவன் முன் நிற்கும் கேள்வி ஒன்றே: இது திருத்தக்கூடிய குறையா, திருத்த முடியாத குறையா?

முதலில் காலும் குளம்பும். நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கு முன்னங்கால்களின் மேல் இறங்குகிறது. முன்னங்கால் கோணலாயிருந்தால், தசைநாண் புடைத்திருந்தால், குளம்பு ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாயிருந்தால் எந்தப் பயிற்சியும் அதை நிமிர்த்தாது. கடினமான தரையில் நேர்கோட்டில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். முன்னங்காலில் வலியுள்ள குதிரை, வலிக்கும் கால் தரையைத் தொடும்போது தலையை மேலே தூக்கும். தரகர் எவ்வளவு பேசினாலும் தலை பொய் சொல்லாது.

அடுத்து வாய். குதிரைக்கு ஐந்து வயதில் முன்பற்கள் முழுமையாக முளைத்துவிடும். கீழ்வரிசை முன்பற்களின் மேலுள்ள குழிகள் ஏறத்தாழ ஆறு, ஏழு, எட்டு வயதுகளில் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒவ்வொரு ஜோடியாகத் தேய்ந்து மறையும். பத்து வயதளவில் மேல்வரிசைக் கடைசி முன்பல்லில் ஒரு கோடு ஈறிலிருந்து இறங்கத் தொடங்கும். எட்டு வயது என்று விற்கப்படுவது பதினைந்தா என்று அந்தக் கோட்டைக் கேட்கலாம்.

மூன்றாவது குணம். இங்குதான் பழக்குபவனின் திறமை இருக்கிறது. கடிக்கும் குதிரை, உதைக்கும் குதிரை, ஏறவிடாத குதிரை எல்லாம் பொல்லாதவை என்று ஒதுக்குகிறோம். அவற்றின் வாயையும் முதுகையும் பார்த்தோமா? குதிரையின் கடைவாய்ப் பற்கள் வளர வளரத் தேய்பவை. தேய்வு சமமாக இல்லாவிட்டால் விளிம்பு கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். அந்த வாயில் கடிவாளத்தை இழுத்தால் தலையை உதறாமல் என்ன செய்யும்? பொருந்தாத சேணம் முதுகில் புண்ணை உண்டாக்கும். வலியால் வந்த முரட்டுத்தனம் வலி நீங்கினால் குறையும். அச்சத்தால் வந்தது பொறுமைக்கு அடங்கும். முதல் நாள் மேளம் ஒரு பர்லாங்குக்கு அப்பால். பத்தாம் நாள் வேலிக்கு வெளியே. மாதக் கடைசியில் பக்கத்தில். இதையே நம் வகுப்பில் ‘பழகிப்போதல்’ என்ற தலைப்பில் விலங்கு நடத்தையியலாகப் படிக்கிறோம்.

வலியும் அச்சமும் திருத்தக்கூடியவை. காலின் கோணல் திருத்த முடியாதது. சுழி எந்தப் பட்டியலில் சேரும்? இரண்டிலும் சேராது. ஏனெனில் அது குறையே அன்று.

அறிவியல் கூறுவது யாது?

சுழியை முழுவதும் பொய் என்று தள்ளிவிட்டால் நானும் பாராமலே பேசுபவன் ஆவேன். அமெரிக்க விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டினும் உடன் ஆய்வாளர்களும் 1995ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கண்களுக்கு மேலே நெற்றிச் சுழி உள்ள மாடுகள், பிடித்து நிறுத்தும்போது மற்றவற்றைவிட அதிகம் மிரண்டன என்று கண்டார்கள். இதற்குக் காரணம் கருதவும் இடம் உண்டு. கருவில் தோலும் நரம்பு மண்டலமும் ஒரே புறப்படையிலிருந்து உருவாகின்றன. எனவே நெற்றிச் சுழிக்கும் மிரட்சிக்கும் ஏதோ சிறு தொடர்பு இருக்கலாம். ஆனால் மிரட்சி வேறு, உடையவனின் மனைவி இறப்பது வேறு! குதிரையின் மயிருக்கும் வீட்டுக்காரரின் ஆயுளுக்கும் முடிச்சுப் போட எந்தக் கருவியலிலும் இடமில்லை.

மற்றோர் ஆய்வு இதைவிடச் சுவையானது. சுவீடனில் லிண்டா கீலிங் என்பாரும் அவர் குழுவினரும் 2009இல் வெளியிட்டது. குதிரையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நான்கு முறை நடத்திச் செல்லச் சொன்னார்கள். நான்காம் முறை புறப்படுமுன், வழியில் ஒரு குடை விரிக்கப்படும் என்று நடத்துபவரிடம் கூறினார்கள். குடை விரிக்கப்படவேயில்லை. ஆயினும் மனிதரின் இதயத்துடிப்பு உயர்ந்தது. குடையைப் பற்றி ஏதும் அறியாத குதிரையின் இதயத்துடிப்பும் உயர்ந்தது!

இதைப் படித்தபோதுதான் சுழியின் சூட்சுமம் எனக்கு விளங்கிற்று. ‘இது ஆளைக் கொல்லும் சுழி’ என்று நம்புகிறவன் அஞ்சி அஞ்சி அணுகுகிறான். கயிற்றை இறுக்கிப் பிடிக்கிறான். அவன் அச்சம் குதிரைக்குத் தெரிந்துவிடுகிறது. அது துள்ளுகிறது. ‘பார்த்தாயா, சுழி வேலை செய்கிறது’ என்கிறான். சுழி குதிரையின் முகத்தில் இல்லை. பிடித்த கையில் இருக்கிறது.

தந்தையாரின் கேள்வி

என் வாதத்தை எல்லாம் கேட்டுவிட்டு என் தந்தையார் ஒன்று கேட்டார்: “நீ சொல்றது நெசந்தான் சாமி. ஆனா வாங்கறவன் நம்பறானே! காசு அவன் கையிலதானே இருக்குது?”

இந்தக் கேள்வியை எளிதாக ஒதுக்க முடியாது. சுழி கெட்ட குதிரையைக் குறைந்த விலைக்கு வாங்கலாம். விற்கும்போதும் குறைந்த விலைக்கே விற்க வேண்டும். ஏழைக் குடியானவன் ஊரின் நம்பிக்கையை எதிர்த்து ஓராண்டு உழைப்பைப் பணயம் வைக்க முடியுமா? முடியாது. ஆகவே அவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. மாற வேண்டியவர்கள் வாங்குபவர்கள். கோயிலுக்கும் திருமண ஊர்வலத்துக்கும் வண்டிப் பந்தயத்துக்கும் குதிரை வாங்குபவர்கள் இன்று பெரும்பாலும் படித்தவர்கள். அவர்கள் முகத்தைத் தடவும் நேரத்தில் காலைத் தடவிப் பார்த்தால் போதும். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஒரு லட்சம் கொடுக்குமுன் ஒரு மருத்துவரிடம் காட்டுவது பெருஞ்செலவா?

விற்பவனுக்கும் ஒரு கடமை உண்டு. எதற்கு மிரளும், எந்தப் பக்கம் தொட்டால் கூசும் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒளித்து விற்ற குதிரை புதிய இடத்தில் அடிபடும், மறுபடி முரடாகும், கைமாறிக் கைமாறி அழியும். பழக்கிய உழைப்பு அத்தனையும் வீண்.

பந்தயக் குதிரைகளின் அடையாளச் சீட்டில் சுழிகள் இருக்கும் இடங்களைக் குறித்து வைப்பார்கள். எதற்கு? ஒரு குதிரைக்குப் பதில் இன்னொன்றைக் கொண்டுவந்து ஏமாற்றாமல் இருப்பதற்கு. நம் பள்ளிச் சான்றிதழிலும் ‘இடக் கையில் ஒரு மச்சம்’ என்று எழுதுகிறார்கள். அந்த மச்சத்தைப் பார்த்து யாரும் மதிப்பெண் போடுவதில்லை. அவ்வளவுதான் சுழியின் வேலையும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறியவன் நானே முதல்வன். ‘படிப்பெல்லாம் இவங்க தலையில எழுதலை’ என்று எங்கள் வீட்டைப் பார்த்துச் சொன்னவர்கள் உண்டு. பிறந்தபோதே இருந்த அடையாளத்தை வைத்து ஓர் உயிரின் விலையை முடிவு செய்யும் பழக்கம் குதிரைச் சந்தையோடு நிற்பதில்லை என்பதை அறிந்தவன் நான். அதனால்தான் இதனைச் சிறிய மூடநம்பிக்கை என்று விட்டுவிட மனம் வரவில்லை.

இறுதியாக நம் விலங்கியல் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆடியில் பத்து மாணவர்கள் பேராசிரியர் ஒருவரின் துணையோடு அந்தியூர் செல்வோம். ஒவ்வொரு குதிரைக்கும் சுழி எங்கே, கால் எப்படி, குணம் எப்படி, கேட்கும் விலை என்ன என்று குறித்து வருவோம். எதற்காக விலை ஏறுகிறது, எதற்காக இறங்குகிறது என்பதைப் பட்டியலிட்டு அடுத்த ஆண்டு மலரில் வெளியிடுவோம். என் ஒருவன் சொல்லை நம்ப வேண்டியதில்லை. எண்ணிப் பார்த்துச் சொல்வோம். குதிரை வாங்கித் தர என் தந்தையார் வருவார். குறிப்பேடு வாங்கித் தர மன்றம் முன்வருமா?