பழச்சாற்றுக்கு ஏன் இந்த மரியாதை?

காய்ச்சலில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள் சாத்துக்குடியோ பழச்சாறு அட்டைப்பெட்டியோ வாங்கிப் போவார்கள். அரை டஜன் முட்டை வாங்கிப் போக யாருக்கும் தோன்றாது. வீட்டுக்கு வந்தவரிடம் ‘ஜூஸ் போடட்டுமா?’ என்று கேட்பது உபசாரம், ‘ஆம்லெட் போடட்டுமா?’ என்று கேட்க நெருங்கிய உறவு வேண்டும். பழச்சாறு என்றால் ஆரோக்கியம், முட்டை என்றால் சூடு, கொழுப்பு, மாரடைப்பு என்று நம் மனதில் பதிந்து கிடக்கிறது. இரண்டிலும் உள்ள சத்துகளைக் கணக்குப் பார்த்தால் இந்த எண்ணம் நிற்காது.

ஓட்டை நீக்கிய ஒரு முட்டை ஏறக்குறைய 50 கிராம். அதில் 6 கிராமுக்குச் சற்று மேல் புரதம், 5 கிராம் கொழுப்பு, 70 முதல் 75 கலோரி இருக்கின்றன. மாவுச்சத்து அரை கிராமுக்கும் குறைவு. தாவர உணவுகளில் கிட்டாத பி12, மூளை வளர்ச்சிக்குத் தேவையான கோலின், வைட்டமின் ஏ, டி, ரிபோஃபிளேவின், செலினியம், அயோடின் ஆகியவையும் உண்டு. அளவைவிட முக்கியம் புரதத்தின் தரம். உடல் தானே தயாரிக்க முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் தேவையான விகிதத்தில் முட்டையில் இருக்கின்றன. மற்ற உணவுகளின் புரதத்தை மதிப்பிட நெடுங்காலம் முட்டையையே அளவுகோலாக வைத்திருந்தார்கள். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனைன் குறைவு. சோற்றை நம்பி வாழும் வீட்டில் ஒரு முட்டை இந்த இரண்டு குறைகளையும் ஈடுகட்டும்.

சர்க்கரை சேர்க்காமல் பிழிந்த 200 மில்லி ஆரஞ்சுச் சாற்றில் சுமார் 90 கலோரி. அதில் பெரும்பகுதி 17 கிராம் அளவுள்ள சர்க்கரையிலிருந்து வருகிறது. அதாவது நான்கு தேக்கரண்டி. அதே அளவு கோலா பானத்தில் சுமார் 21 கிராம். வித்தியாசம் ஒரு தேக்கரண்டிதான். ஆரஞ்சுச் சாற்றில் புரதம் ஒன்றரை கிராம், நார்ச்சத்து பெயரளவுக்கு. ஆனால், வைட்டமின் சி சுமார் 100 மில்லிகிராம் இருக்கிறது. பெரியவர் ஒருவரின் ஒரு நாள் தேவைக்கு அது தாராளமாகப் போதும். பொட்டாசியமும் ஃபோலேட்டும் கணிசமாகக் கிடைக்கின்றன. முட்டையிலோ வைட்டமின் சி துளியும் இல்லை, நார்ச்சத்தும் இல்லை.

ஆக, முட்டை உடலைக் கட்டும் உணவு. சாறு வைட்டமின் சி கலந்த இனிப்புநீர். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. காலையில் ஒரு டம்ளர் ஜூஸ் குடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடும் பிள்ளை ‘சத்தாகச் சாப்பிட்டது’ என்று நிம்மதியடையும் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இது. அந்தப் பிள்ளைக்கு அன்றைய காலைப் புரதம் ஏறக்குறைய கிடைக்கவே இல்லை.

பழம் நல்லதென்றால் சாறு எப்படி நல்லதில்லாமல் போகும் என்று கேட்கலாம். 1977இல் ‘லான்செட்’ இதழில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆப்பிளை முழுதாகவும், மசித்த கூழாகவும், நார் நீக்கிய சாறாகவும் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றிலும் சர்க்கரை ஒரே அளவு. சாறு மிக விரைவில் உள்ளே போனது, பசியை மிகக் குறைவாகவே ஆற்றியது, இன்சுலினை அதிகம் சுரக்கவைத்தது. முழுப்பழம் தின்றவர்களுக்குத்தான் வயிறு நிறைந்தது. 2013இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட பெரிய அமெரிக்க ஆய்வும் இதே திசையில்தான் போனது: முழுப்பழம் அதிகம் உண்டவர்களிடம், குறிப்பாக அவுரிநெல்லி, திராட்சை, ஆப்பிள் உண்டவர்களிடம் சர்க்கரை நோய் குறைவு, சாறு அதிகம் குடித்தவர்களிடம் கூடுதல். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பழச்சாற்றின் இயற்கைச் சர்க்கரையையும், தேனையும், நாம் தேநீரில் போடும் சீனியையும் ஒரே வகையில்தான் சேர்த்தது. அன்றாடக் கலோரியில் இந்தச் சர்க்கரைகள் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அதன் பரிந்துரை. பழத்தைக் கடித்துத் தின்னும்போது கிடைக்கும் சர்க்கரை இந்தக் கணக்கில் வராது.

இதுவரை சொன்னது வீட்டில் பிழிந்த சுத்தமான சாற்றைப் பற்றி. கடையில் குடிப்பதில் கரண்டி கரண்டியாகச் சீனி விழுகிறது, பாதி டம்ளர் ஐஸ் கட்டி. அட்டைப்பெட்டியில் வருவது இன்னும் மோசம். ‘பழ பானம்’ என்று விற்க, பெரும்பாலான பழங்களுக்குப் பத்து சதவீதச் சாறு இருந்தாலே விதிப்படி போதும். மீதி பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும். அடர்கூழில் தண்ணீர் கலந்து தயாரிப்பதற்கு ‘100 சதவீதப் பழச்சாறு’ என்று எழுதக் கூடாது என இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் உத்தரவிட வேண்டிவந்தது. வரிச் சட்டத்துக்கும் பழம் என்ற பெயரில் மயக்கம் உண்டு. 2025 செப்டம்பரில் மாற்றியமைத்த ஜிஎஸ்டியில் சர்க்கரை சேர்த்த குளிர்பானங்களுக்கு 40 சதவீதம். கார்பனேற்றம் செய்யாத பழச்சாறு பானங்களுக்கு 12இலிருந்து 5ஆகக் குறைந்தது. உடலுக்குள் போனபின் இந்த இரண்டு சர்க்கரைக்கும் வேறுபாடு இல்லை.

பழச்சாறு காலை உணவு மேசைக்கு வந்ததே வியாபாரத்தால்தான். கலிஃபோர்னிய ஆரஞ்சு விவசாயிகளிடம் விளைச்சல் தேங்கியபோது, 1916இல் ‘சன்கிஸ்ட்’ நிறுவனம் ஆரஞ்சைக் குடியுங்கள் என்று விளம்பரம் செய்தது. ஒரு பழம் தின்கிறவர் ஒரு டம்ளருக்கு இரண்டு மூன்று பழங்களைச் செலவழிப்பார் அல்லவா? முட்டைக்கும் விளம்பரம் நடந்தது. 1982இல் தோன்றிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தொலைக்காட்சி வழியே தினமும் முட்டை தின்னச் சொன்னது. இரண்டையும் விற்றார்கள், ஆனால், ஒன்றில் மட்டுமே சொன்னதற்கேற்ற சரக்கு இருந்தது.

அப்படியானால் கொலஸ்ட்ரால்? ஒரு முட்டையின் மஞ்சள்கருவில் 180 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது என்பது உண்மை. 1968இல் அமெரிக்க இதயக் கழகம் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. அந்தப் பயம்தான் நம் ஊர்வரை வந்தது. உணவின் கொலஸ்ட்ரால் பெரும்பாலோரின் ரத்தத்தில் பெரிய மாற்றம் செய்வதில்லை, ஈரல் தன் உற்பத்தியைக் குறைத்துச் சரிக்கட்டிக்கொள்கிறது என்று பின்னர் தெரியவந்தது. அமெரிக்க அரசின் 2015-20 உணவு வழிகாட்டி அந்த எண்ணை விட்டுவிட்டது. ஆயினும் விவாதம் முடிந்துவிடவில்லை. சர்க்கரை நோயாளிகளைப் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவு செய்வதே சரி. மற்றவர்களுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு முட்டை பயப்படத் தக்கதில்லை. எண்ணெயில் மிதக்கவிட்டுப் பொரிப்பதுதான் வம்பு.

பூப்பெய்திய பெண்ணுக்கு நாட்டுக்கோழி முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தங்களியும் கொடுத்த நம் பாட்டிமார்கள் முட்டையின் அருமையை அறிந்திருந்தார்கள். அதைப் பச்சையாகக் கொடுத்ததில் மட்டும் திருத்தம் வேண்டும். வேகவைத்த முட்டையின் புரதத்தில் தொண்ணூறு சதவீதம் செரிக்கிறது, பச்சை முட்டையில் பாதிதான் என்று 1998இல் பெல்ஜிய ஆய்வு ஒன்று காட்டியது. சால்மோனெல்லா தொற்றுக்கும் வாய்ப்பிருக்கிறது.

முட்டையைத் தமிழக அரசும் மதித்தது. சத்துணவில் 1989இல் பதினைந்து நாளுக்கு ஒன்று என்று தொடங்கியது, படிப்படியாக உயர்ந்து 2010இல் வாரத்துக்கு ஐந்து ஆனது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். வேறு சில மாநிலங்களில் குழந்தைகளின் தட்டில் முட்டை வைப்பதா வேண்டாமா என்பது அரசியல் சண்டையாக இருக்கும்போது, இங்கே எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது.

அதற்காக முட்டையைச் சர்வரோக நிவாரணி ஆக்கிவிடக் கூடாது. ஈக்வடாரில் கைக்குழந்தைகளுக்கு ஆறு மாதம் தினம் ஒரு முட்டை கொடுத்ததில் வளர்ச்சிக் குறைபாடு பாதியளவு குறைந்ததாக 2017இல் ஆய்வு வந்தது. அதையே மலாவியில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ரத்தசோகைக்கும் முட்டை மட்டும் மருந்தாகாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. முட்டையில் உள்ள இரும்புச்சத்தை மஞ்சள்கருவின் பாஸ்விடின் என்ற புரதம் இறுகப் பிடித்துவைத்துக்கொள்கிறது. கீரை, பருப்பு, கேழ்வரகு ஆகியவற்றின் இரும்பையும் உடல் எளிதில் எடுத்துக்கொள்வதில்லை. இதை இளக்கித் தருவது வைட்டமின் சி. அதற்கு ஆரஞ்சுச் சாறு தேவையில்லை. 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. நெல்லிக்காயில் அதைவிட அதிகம்.

பழச்சாற்றுக்கும் வேளை உண்டு. ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கியவருக்கு அரை டம்ளர் சாறு உயிர்காக்கும். மெல்ல முடியாத நோயாளிக்கு அது உதவும். வயிற்றுப்போக்கில் கொடுக்க வேண்டியது உப்புச்சர்க்கரைக் கரைசல். சாறு கொடுத்தால் போக்கு கூடலாம். பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாத சிறுநீரக நோயாளிக்கு ‘உடம்புக்கு நல்லது’ என்று வாங்கிப் போகும் சாத்துக்குடிச் சாறு ஆபத்தாகவே முடியும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குச் சாறே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர் சங்கம் 2017இல் சொல்லிவிட்டது.

கடையில் ஒரு டம்ளர் ஜூஸுக்குக் கொடுக்கும் காசில் ஐந்தாறு முட்டையோ, ஒரு முட்டையும் அரை கிலோ கொய்யாவும் வாங்கிவிடலாம். முட்டை சாப்பிடாத வீடுகளில் பாலும் தயிரும் சுண்டலும் வேர்க்கடலையும் அந்த இடத்தை நிரப்பட்டும். அரசு செய்ய வேண்டியவை மூன்று: சத்துணவு முட்டையோடு வாரம் இரண்டு நாளாவது கொய்யாவோ நெல்லியோ கொடுப்பது, பள்ளிகளைச் சுற்றி 50 மீட்டருக்குள் அதிகச் சர்க்கரை உள்ள பண்டங்களை விற்கத் தடைவிதிக்கும் 2020ஆம் ஆண்டு விதிமுறையை அட்டைப்பெட்டி ‘பழ’ பானங்களிலும் கண்டிப்பாகச் செயல்படுத்துவது, பழத்தின் பெயரால் சர்க்கரைக்குக் கிடைக்கும் வரிச்சலுகையை நீக்க ஜிஎஸ்டி மன்றத்தில் வலியுறுத்துவது. வீட்டில் நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: முட்டையை வேகவைத்துச் சாப்பிடுவோம், பழத்தைப் பிழியாமல் கடித்துத் தின்போம்.