தோமோனோவுரா: பாலத்தை நிறுத்தினது போட்டோவுக்காகவா?

ஜப்பான்ல தோமோனோவுரான்னு ஒரு சின்னத் துறைமுக ஊர். ஹிரோஷிமா மாகாணம், ஃபுகுயாமா நகரத்தோட தெக்குப் பக்கம். இதைப் பத்திப் பேச்சு வந்தாலே நம்ம மக்கள் ரெண்டு வசனம்தான் விடுவாங்க. ஒண்ணு, "மியாசாகிக்கு போன்யோ படம் தோணின ஊருப்பா". ரெண்டு, "நாலு பேர் போட்டோ எடுக்கணும்னு பாலத்தையே நிறுத்திட்டானுங்க".

முதலாவது சரி. 2005ல் அவர் அங்க ரெண்டு மாசம் தங்கினார், 2008ல் படம் வந்தது. ரெண்டாவதுதான் எனக்குக் கடுப்பு.

1983ல் போட்ட திட்டம் அது. துறைமுகத்துல ஒரு பகுதியைத் தூர்த்து, குறுக்கே சுமார் 180 மீட்டருக்குப் பாலம். எதிர்த்து வழக்குப் போட்டது டூரிஸ்டா? உள்ளூர்க்காரங்கய்யா! 2009 அக்டோபர்ல ஹிரோஷிமா மாவட்ட நீதிமன்றம், தூர்க்க அனுமதி தரக்கூடாதுன்னு ஆளுநருக்குத் தடை போட்டுச்சு. அங்க குடியிருக்கறவங்களுக்குத் தங்க ஊரோட காட்சி மேல சட்டம் காக்கவேண்டிய நலன் இருக்குங்கறதுதான் தீர்ப்போட சாரம்.

அப்படி என்ன பெரிய காட்சின்னு கேக்கறீங்களா? உள்கடலோட கிழக்கு, மேற்கு ரெண்டு பக்க அலையேற்றமும் இந்தப் பக்கம்தான் சந்திக்குது. அந்தக் காலத்துப் பாய்மரக் கப்பலெல்லாம் நீரோட்டம் திரும்பறவரைக்கும் இங்க காத்துக் கிடக்கும். அதுக்காக உண்டானதுதான் ஊரே. 1859ல் கட்டின கல் விளக்குத் தூண், தண்ணி ஏறினாலும் இறங்கினாலும் சரக்கு இறக்க வசதியான கல் படிக்கட்டு, அலைதடுப்பு, காவல் வீடு, கப்பல் பழுதுபார்த்த இடம் எல்லாம் ஒரே துறைமுகத்துல மிச்சமிருக்கு. நடுவுல தூணை நட்டுட்டா இதெல்லாம் வெறும் கல்லு.

அதுக்காக பாலம் கேட்டவங்களை வில்லனாக்காதீங்க. சில இடத்துல எதிரெதிரா ரெண்டு கார் போகமுடியாத தெரு. ஆம்புலன்ஸ் நுழையணுமேங்கற கவலை நியாயம்தானே?

என் கோபமெல்லாம் நிர்வாகத்து மேலதான். மலைப்பக்கம் சுரங்கம் போட்டுக்கலாம்னு ஆளுநர் சொன்னது 2012ல். தூர்க்கற விண்ணப்பத்தை மாகாணம் வாபஸ் வாங்கினது 2016ல். "பாலம் இல்லேன்னா ரோடே இல்ல"ன்னு முப்பது வருஷம் ஊரை ரெண்டாப் பிரிச்சு வச்சது யாரு? கேமராக்காரனா?

ரோட்டை மலைக்குள்ள கொண்டுபோயிடலாம். தூர்த்த துறைமுகத்தைத் திரும்பத் தோண்டி எடுக்க முடியாது மக்கா.

டிஸ்கி: 1659லேர்ந்து வர்ற ஹோமேஷுங்கற பதினாறு மூலிகைச் சரக்கு பத்தித் தனிப் பதிவு போடறேன். அவசரப்படாதீங்க!