பால்பல் அல்ல, பிறர் மனம்

பிறருக்குள் ஒரு நம்பிக்கை இருக்கும், அது உண்மைக்கு மாறாகவும் இருக்கலாம் என்பதைக் குழந்தை நான்கு வயதை ஒட்டிப் புரிந்துகொள்கிறது என்பது உளவியல் பாடநூல்களின் வாய்பாடு. அதில் நமக்குப் பிணக்கில்லை. பால்பல் முளைப்பதைப்போல் அது தானாக நிகழ்ந்துவிடும் என்று சேர்த்துச் சொல்கிறார்களே, அதைத்தான் மறுக்கிறோம். அந்த எண்ணத்துக்கான விலையைக் காது கேளாத குழந்தைகள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஹைன்ஸ் விம்மரும் யோசெப் பெர்னரும் 1983இல் வெளியிட்ட சோதனை பலரும் அறிந்தது. மாக்சி என்ற சிறுவன் சாக்லேட்டை நீல அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாத நேரத்தில் தாய் அதைப் பச்சை அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பிவரும் மாக்சி எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தை பச்சையைக் காட்டும். தனக்குத் தெரிந்தது மாக்சிக்கும் தெரியும் என்பது அதன் கணக்கு. ஐந்து வயதில் பெரும்பாலான குழந்தைகள் நீலத்தைக் காட்டிவிடுகின்றன.

இடைப்பட்ட காலத்தில் நிகழ்வது என்ன? மூளை முதிர்ந்துவிட்டது என்று சொல்லி முடித்துக்கொள்வது எளிது. நமக்கோ ஒரு வாக்கியம் நினைவுக்கு வருகிறது: 'சாக்லேட் நீல அலமாரியில் இருக்கிறது என்று மாக்சி நினைக்கிறான்.' உள்ளே அடங்கிய தொடர் பொய். முழு வாக்கியம் மெய். பொய்யை மெய்யின் வயிற்றுக்குள் வைத்துக் காட்டும் இந்த வித்தையை மொழியைத் தவிர வேறெது செய்யும்? (தமிழில் சொன்னதற்கும் நினைத்ததற்கும் ஒரே 'என்று' போதும் என்பதை இலக்கண வகுப்பில் எத்தனை அசட்டையாகக் கடந்துபோகிறோம்!) ஜில் டி வில்லியர்ஸ் இந்த வாக்கிய அமைப்பிலேயே திறவுகோல் இருப்பதாக வாதிட்டவர். இலக்கணம் மட்டுமே போதும் என்று நாம் சொல்லமாட்டோம். நினைப்பு, சந்தேகம், ஏமாற்றம் பற்றிய அன்றாடப் பேச்சும் வேண்டும்.

சான்று கேட்போருக்கு: 2007இல் பிரெண்டா ஷிக் குழுவினர் அமெரிக்காவில் 176 காது கேளாத குழந்தைகளை ஆராய்ந்தனர். பெற்றோரும் காது கேளாதவர்களாக இருந்து, தொட்டிலிலிருந்தே சைகைமொழியில் வளர்ந்த குழந்தைகள், கேட்கும் குழந்தைகளுக்கு இணையாக நின்றனர். கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள் பின்தங்கினர். பேச்சு அதிகம் தேவைப்படாத சோதனைகளிலும் அப்படித்தான். ஆக, குறை காதில் இல்லை. வீட்டில் அந்தக் குழந்தையோடு உரையாட ஒரு மொழி இல்லாததே குறை.

நிகரகுவாவின் செய்தி இன்னும் கடுமையானது. 1970களின் இறுதியில் மானாகுவாவில் ஒன்றுகூட்டப்பட்ட காது கேளாத சிறுவர்களிடையே ஒரு புதிய சைகைமொழி பிறந்தது. அதன் முதல் தலைமுறையினர் வளர்ந்து பெரியவர்களான பிறகும், மாக்சி கதை போன்ற சோதனைகளில் அடுத்த தலைமுறை இளையோரிடம் தோற்றதை ஜென்னி பையர்ஸும் ஆன் செங்காஸும் 2009இல் பதிவுசெய்தனர். அவர்களிடம் 'நினை', 'அறி' போன்ற வினைகள் அருகியே இருந்தன. இரண்டாண்டுகளில் அவ்வினைகள் பெருகின, புரிதலும் தேறியது. வயது முதிர்ந்தால் போதும் என்போர் இதற்கு விடை சொல்லட்டும்.

அவர்கள் கைக்குழந்தைகளைக் காட்டுவார்கள். பதினைந்து மாதக் குழந்தையின் பார்வையே பிறர் நம்பிக்கையை உணர்வதைக் காட்டுகிறது என்று ஒனிஷியும் பையர்ஜோனும் 2005இல் எழுதியது உண்மை. அவ்வகைப் பார்வைச் சோதனைகள் பலவற்றைப் பின்னர் வேறு ஆய்வகங்கள் திரும்பச் செய்தபோது அதே முடிவு கிட்டாமல் போனதும் உண்மை. ஏதோ ஒரு விதை பிறப்பிலேயே இருக்கட்டுமே, விதையைக் காட்டி விளைச்சல் என்று ஏன் விற்கவேண்டும்?

1880இல் மிலான் நகரில் கூடிய மாநாடு, காது கேளாதோர் கல்வியில் சைகையை விலக்கி வாய்ப்பேச்சையே முன்னிறுத்தியது. முடிவெடுத்தவர்களில் ஏறத்தாழ அனைவரும் காது கேட்பவர்கள். 2010இல் வான்கூவரில் கூடிய அதே வகை மாநாடு அத்தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவிக்க 130 ஆண்டுகள் ஆயின. இன்றும் சைகை கற்றால் பேச்சு வராது என்று பெற்றோரை அச்சுறுத்தும் வல்லுநர்கள் இருக்கிறார்கள். செவிக்கருவி பொருத்துங்கள், பேச்சும் பயிற்றுங்கள், தடுப்பார் யார்? அது கைகூடும்வரை, மாக்சி என்ன நினைத்தான் என்பதை அந்தக் குழந்தையிடம் எந்த மொழியில் பேசப்போகிறீர்கள்?