ஐந்து விநாடிக் கணக்கு

ஆர்.கே.பேட்டையில் விடிந்ததும் முதலில் காதில் விழுவது தறிச்சத்தம். இப்போதெல்லாம் அதற்கும் முன்னால் என் கைப்பேசி கத்துகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு வீடியோ. 97-ஐ 96-ஆல் ஐந்தே விநாடியில் பெருக்கலாமாம், வேத கணிதமாம், எல்லா மாணவர்களுக்கும் அனுப்ப வேண்டுமாம். பணியில் இருக்கும் இளம் ஆசிரியர்களும் இதை எடுத்து வகுப்பில் காட்டுகிறார்கள். தயவுசெய்து காட்டாதீர்கள். சண்டைக்கு வருபவர்கள் வரட்டும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் அந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். 97 நூறுக்கு 3 குறைவு, 96 நூறுக்கு 4 குறைவு. 97-இல் 4 போனால் 93, மூநான்கு 12, சேர்த்து எழுது, 9312. வகுப்பே கைதட்டியது. எனக்கும் பெருமை. அடுத்த தேர்வில் ஒரு பையன் 88 × 87 = 75156 என்று எழுதியிருந்தான். 88-இல் 13 போனால் 75, பன்னிரண்டு பதிமூன்று 156. நான் சொன்னபடியே செய்திருக்கிறான்! சிவப்பு மையில் சுழித்துவிட்டு மறுநாள் அவனைத் திட்டவும் செய்தேன்.

அவன் அப்பா தறி ஓட்டுபவர். விடைத்தாளில் கையெழுத்துப் போட்டவர் நேரில் வந்து கேட்டார்: "நூறு லுங்கி, ஒண்ணு நூறு ரூபான்னு வித்தாலே பத்தாயிரந்தானே சார், எழுபத்தஞ்சாயிரம் எப்படி வரும்?" பள்ளிக்கூடத்துப் பக்கம் அதிகம் போகாத மனிதர். அவருக்கு இருந்த எண்ணுணர்வை அவர் மகனிடமிருந்து பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு வித்தையை வைத்தது நான்தான்.

(100 − அ)(100 − ஆ) என்பதை விரித்தால் 100(100 − அ − ஆ) + அஆ. அவ்வளவுதான் ரகசியம். 75 நூறுகளோடு 156 சேர்த்தால் 7656. எட்டாம் வகுப்பு இயற்கணிதம். அதைச் சொல்லிவிட்டு வித்தையைக் காட்டினால் எனக்கு ஆட்சேபணையே இல்லை. ஆனால் சொன்னால் ஐந்து விநாடியில் முடியாதே!

'வேத' என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த முறைகளை எழுதிய பாரதி கிருஷ்ண தீர்த்தர் திருநெல்வேலியில் பிறந்தவர், பூரி சங்கராச்சாரியாராக இருந்தவர், நல்ல கணித அறிவு உள்ளவர். 1960-இல் மறைந்தார், புத்தகம் 1965-இல் வந்தது. அந்தச் சூத்திரங்கள் இன்று கிடைக்கும் அதர்வவேதப் பரிசிஷ்டங்களில் இல்லை என்று பதிப்பாசிரியரே எழுதியிருக்கிறார். அவர் மூளைக்குரிய பெருமையை அவருக்கே கொடுப்போமே.

"பிள்ளைகளுக்கு ஆர்வம் வருகிறதே சார்" என்பார்கள். ஆர்வம்தான் வேண்டுமென்றால் கப்ரேகரை எடுங்கள். நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியர். ஒரு நான்கு இலக்க எண், எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. இறங்கு வரிசையிலிருந்து ஏறு வரிசையைக் கழியுங்கள், திரும்பத் திரும்ப. 2024 எடுத்தால் 3996, 6264, 4176, பிறகு 6174. ஏழு முறைக்குள் எந்த எண்ணும் 6174-இல் வந்து நிற்கும். மூன்று இலக்கத்துக்கு என்ன வரும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளே போட்டு 495-ஐப் பிடித்தார்கள். அன்றைக்குக் கழித்தல் பயிற்சி வேறு தேவைப்படவில்லை.

இலவசமாகக் கிடைக்கும் ஜியோஜீப்ராவில் முக்கோணத்தின் முனையை இழுத்துக் காட்டுங்கள். அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தின் 'அட் ரைட் ஆங்கிள்ஸ்' இதழும் இணையத்தில் இலவசம்தான். இவையெல்லாம் எங்கள் குழுவில் ஒருநாளும் வந்ததில்லை.

இன்னொன்று. 80-ஆம் நம்பர் நூல் 40-ஐவிட மெலிசு என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜச் சிட்டம் எத்தனை என்பதுதான் அந்த நம்பர். நம்பர் கூடினால் நூல் ஏன் மெலிகிறது என்று எதிர்விகிதப் பாடத்தில் கேட்டுப் பாருங்கள். அதை யாராவது வீடியோ எடுத்து அனுப்பினால் குழுவில் நானே போடுகிறேன்.