பிரவுன் பெயின்ட் அடிச்ச மைதா

எங்கப்பாவுக்கு சுகர் வந்து ஆறு வருஷம் ஆச்சு. "இட்லியைக் குறைங்க" என்று டாக்டர் சொன்னதும் அவராகவே ஒரு முடிவுக்கு வந்துட்டார். தினமும் காலையில் நாலு ஸ்லைஸ் 'மல்டிகிரெயின்' பிரெட். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு கடையில் வாங்கி வருவார். சாதா பிரெட்டை விட விலை கூட. கேட்டா "உடம்புக்கு நல்லதுடா, இதுல போய் காசு பாக்காதே" என்பார்.

ஒரு நாள் கவரைத் திருப்பிப் படிச்சேன். அடுத்தவன் எழுதின கோடுல ஓட்டை தேடறதுதானே நம்ம பொழப்பு :-) எந்தப் பொருள் எடை அதிகமோ அதைத்தான் முதலில் போடணும் என்பது விதி. முதல் பெயர் மைதா. கோதுமை மாவு அப்புறம். ராகி, ஓட்ஸ், ஆளி விதை எல்லாம் கடைசியில், உப்புக்குப் பக்கத்தில். அப்ப அந்த பிரவுன் கலர்? 150ஏ. அதாவது கேரமல், சர்க்கரையைக் கருக்கி எடுக்கிற கலர். சுகர் பேஷன்ட் நம்பி வாங்குற பிரெட்டுக்கு சர்க்கரையில பெயின்ட்!

 2016-ல் பிரெட்டில் பொட்டாசியம் புரோமேட் இருக்குன்னு டெல்லியில் ஒரு ஆய்வு வந்தது. ஊரே அலறுச்சு, அடுத்த மாசமே தடை போட்டாங்க. மைதாவை முழு தானியம்னு நம்ப வைக்கிறதுக்கு மட்டும் யாரும் அலற மாட்டேங்கறாங்க.

சரி, நாமே செய்வோம்னு இறங்கினேன். மெஷின்ல அரைச்ச சம்பா கோதுமை, சலிக்காம 400 கிராம், தண்ணி, ஈஸ்ட், உப்பு. முதல் பிரெட்டை ஏரிக்கரையில் வீடு கட்டுறவங்களுக்குக் குடுத்திருக்கலாம். வெள்ளைக்காரன் ரெசிபியில் 'ஒன்றரை மணி நேரம் பொங்க விடவும்' என்று இருந்தது. நம்ம ஊர் மே மாசத்துல நாப்பது நிமிஷத்துல பொங்கி, அப்புறம் அமுங்கியே போச்சு. தவிடு தண்ணியைக் குடிக்கும், பிரெட்டைத் தூக்கி நிறுத்துற குளூட்டன் வலையையும் அறுக்கும். அதனால தண்ணி 320 கிராம் வரைக்கும் ஏத்தணும், பிசைஞ்சு அரை மணி நேரம் சும்மா விடணும். நாலாவது தடவை சுமாரா வந்தது. கேழ்வரகு கால் பங்கு சேர்த்தேன், மறுபடி செங்கல். அதுல குளூட்டனே கிடையாதே.

இதைத்தான் ஒரு பேக்கரிக்கார நண்பர் சொன்னார்: "முழு தானியத்துல செஞ்சா பொங்காது சார், யாரும் வாங்க மாட்டாங்க." நியாயம்தான். அப்போ மைதா பிரெட்னு சொல்லியே வில்லுங்க. யார் வேணாம்னா? நான் பரோட்டாவே சாப்பிடறவன். மைதாவுக்கு ராகி வேஷம் போட்டு, அந்த வேஷத்துக்கும் காசு வாங்கறதுதான் எரியுது.

ஆனா எனக்கும் ஒரு குட்டு விழுந்தது. கடை பிரெட் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு அப்பாவுக்கு 212. என்னோட நூறு சதவீத கோதுமை பிரெட்டுக்கு 205! அப்புறம்தான் கிளைசெமிக் இண்டெக்ஸ் அட்டவணையைத் தேடிப் பார்த்தேன். வெள்ளை பிரெட் 75, முழு கோதுமை பிரெட் 74. தவிட்டோட இருந்தாலும் நைசா அரைச்சுட்டா மாவுச்சத்து சீக்கிரம் சர்க்கரையாயிடும். நார்ச்சத்து, வைட்டமின் எல்லாம் கூட கிடைக்கும், அது வேற. அடுத்த வாரம் பாதி மாவுக்கு பதிலா கோதுமை ரவையை ராத்திரி ஊற வெச்சுப் போட்டேன். 181. ஒரே ஆள், மூணே காலை. இதை ஆராய்ச்சின்னு சொல்ல மாட்டேன்.

ஆக, நேர்மையா செஞ்ச பிரெட்டே மருந்து இல்லை. வேஷம் போட்ட பிரெட்டை நாலு ஸ்லைஸ் மருந்து மாதிரி முழுங்கிட்டிருந்தார் மனுஷன். என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணு: கவர் முன்பக்கம் 'மல்டிகிரெயின்' என்று எவ்வளவு பெருசா போடறாங்களோ, அதே சைஸ்ல, அதுக்குக் கீழேயே மைதா எத்தனை சதவீதம்னு போடணும். பின்பக்கம் எறும்பு எழுத்துல இல்லை. அறுபது வயசுக்காரர் கண்ணாடி இல்லாம படிக்கிற மாதிரி.

அப்பா இப்ப ரெண்டு ஸ்லைஸ்தான், அதுவும் வாரத்துல மூணு நாள். மத்த நாள் அம்மாவோட கேழ்வரகு அடை. "பல்லு போகுதுடா" என்று திட்டிக்கிட்டேதான் சாப்பிடறார். வர்ற சனிக்கிழமை கம்பு ரவை போட்டுப் பாக்கணும்.