எலியிடம் தோற்ற மருந்து

தேறாத ஆராய்ச்சியை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும் என்பது மருந்துத் துறையில் இன்று வேதவாக்கு. மூன்றாம் கட்டச் சோதனையில் ஒரு மருந்து கவிழ்ந்தால் கோடிகள் கரையும், மறுக்கவில்லை. ஆனால் முளையில் தோற்பது மருந்துதானா, நாம் வைத்த சோதனையா? இதைக் கேட்காமல் கோப்பை மூடுவதைத்தான் கண்டிக்கிறேன்.

ஜப்பானின் சாங்கியோ நிறுவனத்தில் அகிரா எண்டோ 1971-இல் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பொருளைப் பூஞ்சைகளில் தேடத் தொடங்கினார். ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்களைச் சலித்தார். கடைசியில் கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் பூத்திருந்த நீலப்பச்சைப் பூசணம் கைகொடுத்தது. அதிலிருந்து பிரித்த காம்பாக்டினை எலிகளுக்குக் கொடுத்தார்கள். கொலஸ்ட்ரால் இறங்கவில்லை.

இன்றைய விதிப்படி கதை அங்கேயே முடிந்திருக்கும். எண்டோ விடவில்லை. முட்டையின் மஞ்சள் கருவில் அத்தனை கொலஸ்ட்ரால் இருக்கிறதே, முட்டையிடும் கோழியின் ரத்தத்திலும் இருக்குமே என்று யோசித்தார். சக ஆய்வாளர் ஒருவர் வளர்த்த கோழிகளைக் கேட்டு வாங்கி, தீவனத்தில் மருந்தைக் கலந்தார். கோழிகளின் கொலஸ்ட்ரால் ஏறக்குறைய பாதியாக இறங்கியது. பிறகு நாய்களிலும் குரங்குகளிலும் இறங்கியது. எலியின் குட்டும் பின்னர் வெளிப்பட்டது: மருந்து எந்த நொதியைத் தடுத்ததோ, அதையே எலியின் கல்லீரல் பல மடங்கு உற்பத்தி செய்து ஈடுகட்டியிருக்கிறது. மருந்தில் பழுதில்லை, தேர்ந்தெடுத்த விலங்குதான் தவறு.

1980-இல் நாய்களில் எழுந்த ஒரு சந்தேகத்தால் சாங்கியோ காம்பாக்டினைக் கைவிட்டது. அதே வகை மருந்தில் இறங்கியிருந்த அமெரிக்காவின் மெர்க்கும் செய்தி கேட்டுச் சோதனையை நிறுத்தியது. கொலஸ்ட்ரால் மிகக் கடுமையாக ஏறிய நோயாளிகளை வைத்துக்கொண்டு தவித்த மருத்துவர்கள் கேட்டுக்கொண்ட பிறகே அந்தச் சோதனை மறுபடி நகர்ந்தது. மெர்க்கின் அந்த மருந்தான லோவாஸ்டாட்டினுக்கு 1987-இல் அனுமதி கிடைத்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் இரவில் விழுங்கும் அடோர்வாஸ்டாட்டின் அந்த வழியில் வந்ததுதான்.

கண்ணை மூடிக்கொண்டு பணத்தைக் கொட்டச் சொல்லவில்லை. எண்டோவின் அடுத்த சோதனைக்குத் தேவைப்பட்டவை சில கோழிகளும் கொஞ்சம் தீவனமும்தான். காலாண்டுக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இந்தச் சின்னச் செலவு கண்ணில் படாது. மூடிய கோப்புகளின் எண்ணிக்கையே சாதனையாகத் தெரியும். அந்தக் கோப்புகளுக்குள் எத்தனை காம்பாக்டின்கள் கிடக்கின்றன என்று எண்ணிச் சொல்ல ஆள் இல்லை.

ஆய்வகங்களை நடத்துகிறவர்களே, அடுத்த கோப்பை மூடக் கையெழுத்திடும் முன், தோற்றது மருந்தா சோதனையா என்பதை ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள். பதில் தெரியவில்லை என்றால் இன்னொரு சோதனைக்குப் பணம் கொடுங்கள்.